கட்டாக் கருவாடும் கரடிச் சீட்டும்

சட்டியில் எண்ணெய் பொரிந்துகொண்டிருக்க, திறந்து வைத்த ஜன்னலின் விளிம்பில் ஒரு மூக்கு வந்து நிற்கிறது, கறுப்பு, ஈரம், அவனுடைய கைப்பிடியளவு, அது மூச்சை உள்ளே இழுத்தபோது அடுப்புப் புகையே அந்தப் பக்கம் சாய்ந்ததுபோல் இருந்தது, குலேந்திரன் அகப்பையை நீட்டியபடி நிற்கிறான், ஓடவில்லை, கத்தவில்லை, பதினாறு வருடம் போய்விட்டது, இன்று ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் நின்று முட்டை பொரித்தாலும் எண்ணெய்ச் சத்தம் கேட்டதும் அவன் கண் ஜன்னலுக்குத்தான் போகிறது, ஒன்பதாம் மாடிக்கு எந்தக் கரடி வரும், மண்டை பழுதாய்ப் போச்சுதோ என்று மனைவி சிரிப்பாள், சிரிக்கட்டும்.

அப்போது கனடாவின் வடகோடியில், மரம் என்று ஒன்றைக் கண்ணில் காணாத, விமானம் மட்டுமே எட்டிப் பார்க்கிற முந்நூறு பேர் ஊருக்கு அவன்தான் வனவிலங்கு அதிகாரி, கடல் உறையும்வரை பசியோடு கரையில் அலையும் பனிக்கரடிகள் ஊருக்குள் வராமல் பார்ப்பது அவன் வேலை, தினமும் மத்தியானம் உள்ளூர் வானொலியில் போய் உட்கார்ந்து, வாசலில் கடல்நாய் இறைச்சி வைக்காதீர்கள், மணம் வெளியே போகவிடாதீர்கள், உங்கள் கவலையீனம் ஒரு கரடியின் உயிர் என்று ஓதுவான், ஊர் முழுக்கக் கேட்கும், அப்படி ஓதிவிட்டு வீட்டுக்கு வந்த ஒரு நவம்பர் மத்தியானத்தில்தான் தமக்கை அனுப்பிய பார்சலைப் பிரித்தான், கட்டாக் கருவாடு, ஏழு மாதமாய் அந்த மணம் இல்லாமல் கிடந்த மூக்கு, பொறுமை எங்கே இருக்கப்போகிறது, ரொறன்ரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் கருவாடு பொரிக்கமுன் புகை எச்சரிக்கை மணி அலறாதிருக்க ஜன்னலைத் திறப்பார்கள், கை தன்பாட்டில் திறந்தது, ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன அதிகாரி தன் வீட்டுக் கருவாட்டு மணத்தைக் காற்றில் ஏற்றி விரிகுடா முழுக்க அனுப்பிவைத்தான், மடையன்.

ஜன்னலை அடித்துச் சாத்துகிறான், கரடியை வெருட்டுகிற வெடித் துப்பாக்கியை எடுத்து முன்கதவால் ஓடி வானத்தில் இரண்டு வெடி வைக்கிறான், கரடி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சுவரை மோந்தது, அதற்குள் பக்கத்து வீட்டு ஜேப்பிட்டி, ஊரிலேயே குறி தவறாத வேட்டைக்காரன், உள்பெனியனோடு துவக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், சுடாதை, சுடாதை என்று குலேந்திரன் கத்தினான், கரடிக்காக மட்டுமல்ல, அந்த ஊருக்கு வருடத்துக்கு இத்தனை கரடிதான் என்று கணக்கு, தற்காப்புக்குச் சுட்டாலும் அதில் ஒன்று கழியும், மிச்சம் இருந்தது ஒரேயொரு வேட்டைச் சீட்டு, அதுவும் முந்தாநாள்தான் குலுக்கலில் லீட்டியா அக்காவுக்கு விழுந்தது, பதினொரு வருடம் பெயர் போட்டுப்போட்டு விழாத சீட்டு, பனியில் புருஷனைப் பறிகொடுத்தவள், தன் கையால் ஒரு கரடி எடுத்து ஊருக்கெல்லாம் இறைச்சி பங்கிட வேண்டும் என்று காத்திருந்தவள், இவன் கருவாட்டால் அது போய்விடும்.

நினைவில் அவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள், எப்படி என்று தெரியவில்லை, வெடிச் சத்தம் கேட்டுப் பனிவண்டியில் வந்து இறங்கிய லீட்டியா அக்காவும் அப்படித்தான், அக்கா என்றால் என்ன என்று வந்த புதிதில் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றிலிருந்து அவனைத் தம்பி என்றே கூப்பிடுகிறவள், அவன் சட்டியைத் தூக்கி வந்து கரடிக்கு எறிந்து இழுத்துப் போகலாம் என்று உள்ளே ஓடப் பார்க்கிறான், தம்பி, விசரே உனக்கு, ஒருக்கா திண்டுதெண்டால் நாளைக்கும் வரும், நாளண்டைக்கும் வரும், பிறகு ஆரோ ஒருத்தன் சுட்டுத்தான் விடுவான், சட்டிய மூடு. மூடினான். ஜேப்பிட்டி துவக்கை இறக்காமலே, லீட்டியா, சீட்டு உன்ர சட்டைப் பையிலதானே, நிக்கிறது பார் எவ்வளவு பெரிய ஆண் எண்டு, நீயே சுடன், முடிஞ்சுது அலுவல் என்கிறான், உண்மைதான், இருபது அடி, சட்டப்படி சரி, அதிகாரியே முன்னால் நிற்கிறான், அவள் கரடியைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், பிறகு, மாட்டன், வா, ஊருக்கு வெளியால கலைப்பம் என்று வண்டியில் ஏறினாள்.

இரண்டு வண்டி, அவளுடையது ஒன்று, அவனுடையது ஒன்று, நடுவில் கரடி, அப்போதுதான் உறைந்த விரிகுடாவில் ஊர்வலம் போகிறமாதிரி, மெல்லமா ஓட்டு தம்பி, ஓட விட்டியெண்டால் அந்தக் கொழுப்புக்குள்ளயே வெந்துபோகும், நடக்க விடு, அவன் பயத்தில் முறுக்கிய பிடியைத் தளர்த்துகிறான், அடிவானத்தில் வெயில் ஒரு கீற்றாய் நின்றது, கரடி நடக்கிறது, நிற்கிறது, திரும்பி அவனைப் பார்க்கிறது, அந்த முகத்தில் ஒரு மனக்குறை இருந்ததாக அவன் இன்றும் நம்புகிறான், கூப்பிட்டுவிட்டுச் சோறு போடாதவனைப் பார்க்கிற பார்வை, முனையைத் தாண்டிப் புதுப்பனியில் அது புள்ளியான பிறகு கேட்டான், அக்கா, ஏன் சுடேல்லை, அவள் கையுறையை உதறியபடி, உன்ர சட்டிக்குப் பின்னால வந்ததைச் சுட்டுப்போட்டு நான் வேட்டையாடினன் எண்டு எப்பிடிச் சொல்லுறது, விருந்தாளியைச் சுடலாமோ, நான் தேடிப்போய்ப் பிடிப்பன், குளிர்காலம் முழுக்கக் கிடக்கு என்றாள்.

மறுநாள் வானொலியில் எல்லாவற்றையும் சொன்னான், கருவாடு, ஜன்னல், தன் மடத்தனம், ஒன்றும் ஒளிக்கவில்லை, வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனான், சொல்லி முடித்ததும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது, அதிகாரி, அந்த மீனில எங்களுக்கும் ஒரு துண்டு, அதிகாரி, இண்டைக்கு உங்கட வீட்டில என்ன கறி, கரடி கேக்கச் சொன்னது, ஊரே சிரித்தது, அன்றிலிருந்துதான் அவர்கள் கதவைத் தட்டாமல் உள்ளே வரத் தொடங்கினார்கள், அதுவரை அவன் வேலைக்கு வந்தவன்.

ஆனால் அந்தக் குளிர்காலம் லீட்டியா அக்காவுக்கு இரங்கவில்லை, தைமாதம் முழுக்கப் பனிப்புயல், மாசியில் வண்டி பழுது, பங்குனியில் ஆறு நாள் கூடாரத்தில் கிடந்து அடிச்சுவடு மட்டும் பார்த்து வந்தாள், பருவம் முடிந்த அன்று அலுவலகத்துக்கு வந்து அந்தச் சீட்டை அவன் மேசையில் வைக்கிறாள், மடிப்புக் கலையாமல், பாவிக்காத சீட்டைத் திருப்பி வாங்கிக் காரணம் எழுத வேண்டியதும் அவன் வேலைதான், பேனாவை எடுத்தவன் கேட்டான், அக்கா, அண்டைக்கு அந்தக் கரடிய விட்டது என்னாலதானே, உங்களுக்குக் கவலை இல்லையா. கவலைதான் தம்பி, ஏன் இல்லை, பதினொரு வருசமெல்லோ, என்று அவள் சொன்னாள், பொய் சொல்லாத வாய். ஆறுதலுக்கு ஒரு சொல்லும் அவள் சேர்க்கவில்லை, அதற்காகவும் அவளுக்கு அவன் கடமைப்பட்டவன், எத்தனையோ பேர் எத்தனையோ தந்திருக்கிறார்கள், தந்ததால் தமக்கு வந்த கவலையையும் இப்படி ஒளிக்காமல் காட்டியவர் வேறு யாருமில்லை, அவன் தலை குனிந்து காரணம் என்ற கட்டத்தைப் பார்க்கிறான், என்ன எழுதட்டும் அக்கா. கண்டன், விட்டன் எண்டு எழுது. அவன் அப்படியே எழுதி, கீழே கையெழுத்து வைத்தான்.