ஊருக்கு ஒரே அங்கி

நகர மன்ற விருந்தில் மேயர் பேச்சை நிறுத்தியதும் எல்லோரும் கைதட்டினார்கள். கட்டாத பாலத்தைப் பற்றி அவர் வருஷக்கணக்காகப் பேசுகிறார். நிறுத்துவது அபூர்வம், கிடைத்த சந்தர்ப்பத்தை யாரும் விடுவதில்லை. உப்பு வியாபாரியாக இருந்து மேயரான ஆம்ப்ரோஸ் பெல்லிங் நாற்காலியில் சாய்ந்து, வறுத்த வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இமைக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் அவர் மனைவி ஹெஸ்டர்.

வைத்தியர் நாடி பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மேயரைப் பெஞ்சில் கிடத்தினார்கள்.

வெளியே, வேட்பாளர்கள் வாங்கிக்கொடுத்த பீரைக் குடித்த கூட்டம் தேர்தல் முடிவு கேட்டுக் கத்தியது. முடிவு சொல்ல மேயர் வேண்டும். மேயருக்குச் சிவப்பு அங்கி வேண்டும். ஊருக்கு இருந்த ஒரே அங்கி ஆம்ப்ரோஸின் உடம்பில் இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க அம்மணி," என்றார் அவசரமாக மேயராக்கப்பட்ட கிரவுச். "அந்த அங்கியைக் கொஞ்சம்..."

"உடம்புச் சூடு கூட இன்னும் அடங்கல."

"ஜன்னல்ல கல்லு விழுது. அவரா இருந்தா கழட்டிக் குடுத்திருப்பார்."

"குடுத்திருப்பார். அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்."

யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஹெஸ்டருக்கு அழுகை வரவில்லை. நினைப்பெல்லாம் ஒரு ஓட்டையிலேயே இருந்தது. ஆம்ப்ரோஸின் இடது காலுறையில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

"கழட்டுங்க, தைச்சுத் தர்றேன்," என்று காலையில் மன்றாடியிருந்தாள்.

"அங்கிக்குள்ள எவன் பார்க்கப்போறான் ஹெஸ்டர்?"

இப்போது நகர மன்றமே பார்க்கப்போகிறது.

கிரவுச் பித்தானில் வைத்த கையை ஹெஸ்டர் தட்டிவிட்டாள். "நானே கழட்டறேன். எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்புங்க."

பெரிய மனிதர்கள் தண்டனை பெற்ற பிள்ளைகள்போலத் திரும்பி நின்றார்கள்.

"கையைக் குடுங்க," என்றாள், பழக்கத்தில். பிறகுதான் உறைத்தது. கனத்துக் கிடந்த கையைத் தானே தூக்கி, அங்கியை உருவினாள். தன் சால்வையால் அவர் காலை மூடினாள். பிறகு அங்கியை நீட்டினாள்.

கிரவுச் குள்ளம். அங்கி தரையைக் கூட்டிக்கொண்டே அவரோடு பால்கனிக்குப் போனது. மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். வென்றவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார்.

"இவன்தான்யா மேயர்," என்று கீழே எவனோ கத்தினான். "சுருக்கமா முடிச்சிட்டான்." ஊரே ஆரவாரித்தது.

ஹெஸ்டர் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். நூல் நுழைய மறுத்தது. அறையில் மிஞ்சியிருந்த வைத்தியர் வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

அவள் சால்வையைச் சற்றே ஒதுக்கி, காலுறைக்குள் இரண்டு விரல்களை விட்டு, ஊசி அவர் காலில் குத்திவிடாதபடி தைக்க ஆரம்பித்தாள்.