ஏழாம் படியிலிருந்து ஒரு விசில்

மில் கிரவுண்டு கேலரியை இடித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, அதற்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பது என்று காளவாசல் டீக்கடையில் முடிவாயிற்று. மதுரையில் காதுகுத்துக்குப் போஸ்டர் உண்டு. ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவனுக்கும் போஸ்டர் உண்டு. பதினெட்டு வருஷம் தங்களைத் தாங்கிய ஏழு சிமெண்டுப் படிகளுக்கு ஒரு போஸ்டர் இல்லையென்றால் ஊர் காறித் துப்பாதா என்று கேட்டார் காளை. அவர் வைக்கோல் வியாபாரி. கேலரிக்குத் தலைவர் என்று யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. அவர் சத்தத்துக்கு மேல் வேறு யாராலும் கத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

எழுதும் வேலை பேச்சிமுத்துவின் தலையில் விழுந்தது. பகலில் அச்சகத்தில் பிழை திருத்துவான். சாயங்காலம் மாலைக் கல்லூரியில் பி.காம். மூன்று வருஷப் படிப்பை அரியர் வைத்து ஐந்தாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தான். எதையும் ஒழுங்காகச் செய்வான். செய்தது சரிதானா என்று அதைவிட ஒழுங்காகச் சந்தேகப்படுவான். பார்த்த ஆட்டத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘கேள்விப்பட்டது’. ஆறு மணிக்கு வகுப்பு என்பதால் எந்த ஆட்டத்தையும் அவன் கடைசிவரை பார்த்ததில்லை. கடைசிப் பத்து நிமிஷத்துக் கோல்களெல்லாம் மறுநாள் டீக்கடையில் காதில் விழுந்து வலப்பக்கம் போய்ச் சேர்ந்தவை.

ஒரே ஒரு நாள் மட்டும் வகுப்புக்கு மட்டம் போட்டான். 1979 இறுதி ஆட்டம். அந்தப் பக்கத்தில்தான் மூன்று வருஷமாக ஒரு வரி காலியாகக் கிடந்தது.

“தோற்றம்னு என்ன போடண்ணே?” என்று பேனாவைத் திறந்தான்.

“மில்லுக்காரன் கட்டுன வருஷத்தப் போடு.”

“அது யாருக்கும் சரியாத் தெரியலையே.”

“அப்ப ‘நமக்கு முந்தி’ன்னு போடு. பொறந்த தேதியா முக்கியம்? செத்த தேதியப் பெருசாப் போடு.”

“எங்களை உட்காரவே விடாத தெய்வமேன்னு ஆரம்பி மாப்ள,” என்றார் மலைச்சாமி. மில் அணியின் பழைய கோல்கீப்பர். ஆடுவதை நிறுத்தியபின் பந்தை வயிற்றில் வைத்துக்கொண்டவர்.

அவர் சொன்னது நிஜம். அந்தப் படிகளில் எவனும் உட்கார்ந்ததில்லை. நாலு மணி வெயிலில் காய்ந்த சிமெண்டில் உட்கார்ந்தால் வேட்டியோடு சேர்த்து மற்றதும் வெந்துவிடும். மீறி உட்கார்ந்தாலும் முன்படிக்காரனின் பின்பக்கம் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் நின்றார்கள். பஸ்ஸில் உட்காரத் துண்டு போடுவார்கள். இங்கே நிற்பதற்குத் துண்டு போட்டார்கள். துண்டை மிதித்தவனுக்கும் போட்டவனுக்கும் நடந்த சண்டை சில நாள் ஆட்டத்தைவிட நன்றாக இருந்ததால், கேலரி மொத்தமும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று அதைப் பார்த்ததும் உண்டு.

“மேய வந்த ராக்கம்மாவோட ஆடு உள்ள பூந்து கோல் போட்டுச்சே, அதச் சேரு,” என்றார் காளை.

பேச்சிமுத்து நோட்டைப் புரட்டினான். “அது கோல் இல்லண்ணே. ஆட்டு மேல பட்டு, கம்பத்துல பட்டு, வெளிய போயிருச்சு. இடப்பக்கம் எழுதியிருக்கேன்.”

“நீ எழுதிட்டா ஆச்சா? நாங்க இருநூறு பேரு கத்துனோம். கத்துனா கோலுதான்.”

ஆடு கோல் போட்டது என்று எழுதினான். அடுத்து, துக்கத்தில் பங்குகொள்வோர் பெயர்கள். காளை பெயரை முதலில் எழுதச் சொன்னவர் காளைதான். எழுதிக்கொண்டே வந்தவன் சுருளி என்ற பெயருக்கு வந்ததும் அவர் டீ கிளாஸை டொக்கென்று வைத்தார்.

“அந்த விசிலுப்பய பேரு வேணாம். கப்பைத் தூக்கிக் குடுத்தவனுக்கு என்ன துக்கம்?”

கதை இதுதான். அந்த இறுதி ஆட்டம் திண்டுக்கல் அணியோடு. ஒன்றுக்கு ஒன்று. முடிய நாலு நிமிஷம். வந்த பந்தை மலைச்சாமி பறந்து பிடித்தார். அந்த நொடி ஏழாம் படியிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. ரெப்ரீதான் ஊதினார், ப்ரீகிக் என்று நினைத்த மலைச்சாமி பந்தைப் பதனமாகத் தரையில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போனார். திண்டுக்கல்காரன் ஒருவன் ஓடி வந்து, கோயில் வாசலில் அடுத்தவன் செருப்பை ஒதுக்குவதுபோல, பந்தை வலைக்குள் ஒதுக்கிவிட்டான். நான் ஊதவில்லை என்று சொல்லி ரெப்ரீ கோல் கொடுத்தார். கேலரி இறங்கி வருவதற்குள் சைக்கிளில் ஏறிப் போயும்விட்டார். ஏழாம் படியில் விசில் வைத்திருந்த ஒரே ஆள் உசிலம்பட்டி டவுன் பஸ் கண்டக்டர் சுருளி. அன்றிலிருந்து அவர் பெயர் விசிலு.

பேச்சிமுத்துவுக்கு மட்டும் வேறொன்று தெரியும். முதல் கோலுக்கே சுருளி சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். கை ஓய்ந்ததும் பக்கத்தில் நின்ற பேச்சிமுத்துவிடம் கொடுத்தார். பாக்கெட்டில் விசில் இருந்தது. அதுவரை கேலரியில் பேச்சிமுத்துவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. ‘கோல்’ என்று கத்துவதற்குமுன் அது கோல்தானா என்று யோசிப்பான். அதற்குள் எல்லோரும் கத்தி முடித்திருப்பார்கள். அன்று மலைச்சாமி பறந்த அழகில் யோசிக்க மறந்து ஊதிவிட்டான்.

மூன்று வருஷம் சுருளியின் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் சொல்லிவிட நினைத்து, ‘ஒரு காளவாசல்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறான். இப்போது அந்த மனிதரின் பெயரைத் தன் கையாலேயே கோடு போட்டு அடிக்கச் சொல்கிறார்கள். பேனாவை மூடினான். திரும்பத் திறந்தான்.

“அண்ணே, அது நான் ஊதுனது.”

கடையே சிரித்தது.

“நீயா? நீ டீ கேட்டாலே கடைக்காரன் ரெண்டு தடவ ‘என்னது’ங்கிறான்!”

“சட்டை என் கையில இருந்துச்சுண்ணே. சத்தியமா.”

“நோட்டுல எழுதியிருக்கியா?” என்றார் மலைச்சாமி.

“இல்ல...”

“அப்ப நடக்கல.”

அந்த நேரம் பார்த்து டூட்டி முடித்து, தோளில் தோல்பையோடு சுருளி கடைக்குள் நுழைந்தார். காளை விடவில்லை. “வாய்யா விசிலு. ஒன் பாவத்தப் பங்கு போட ஆள் வந்திருக்கு. தம்பிதான் ஊதுச்சாம். அந்த விசிலக் குடு, ஊதிக் காட்டட்டும்.”

சுருளி பேச்சிமுத்துவை ஒரு பார்வை பார்த்தார். விசிலை எடுத்து, சட்டையில் துடைத்து நீட்டினார்.

பேச்சிமுத்து ஊதினான். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுதானா, இப்படித்தானா ஊதினோம் என்ற யோசனை மூச்சுக்கு முன்னால் போய் விசிலை அடைத்துக்கொண்டது. புஸ்ஸென்று ஒரு சத்தமும் கொஞ்சம் எச்சிலும் வந்தன. இரண்டாம் தடவை எச்சில் மட்டும்.

“இதக் கேட்டா நான் பந்த வச்சேன்?” என்றார் மலைச்சாமி. அவமானம் அவருக்குத்தான் அதிகம்.

சுருளி விசிலை வாங்கினார். நெஞ்சை நிமிர்த்தி, கன்னம் இரண்டும் உப்ப, ஒரு ஊது ஊதினார். காளவாசலில் ஒரு லாரி சடாரென்று நின்றது. நின்றிருந்த டவுன் பஸ் ஒன்று, ஏறப் போன ஜனங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. மலைச்சாமி கையிலிருந்த டீ கிளாஸைப் பதனமாகத் தரையில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போனார்.

கடை ஓவென்று கத்தியது. “இதான்டா அந்த விசிலு!” காளை ஓடிப்போய் சுருளியைக் கட்டிக்கொண்டார். மூன்று வருஷமாக வைததெல்லாம் எங்கே போனதோ. கேலரியே போய்விட்டது, சத்தமாவது மிஞ்சியிருக்கிறதே என்று கண் கலங்கினார். “மாப்ள, இவன் பேர என் பேருக்குப் பக்கத்துலயே போடு. விசில் சுருளின்னு கொட்டை எழுத்துல போடு!”

சைக்கிளை எடுக்கப் போன பேச்சிமுத்துவின் பின்னால் சுருளி வந்து நின்றார்.

“சட்டை உங்கிட்டதான் இருந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும்?”

“தெரிஞ்சுமா இம்புட்டு நாளும் திட்டு வாங்குனீங்க?”

“பதினோரு வருஷம் டிக்கெட் கிழிச்சேன்டா. ஒரு பய எம் பேரு கேட்டதில்ல. அந்த விசிலுக்கப்புறம் உசிலம்பட்டிச் சந்தைக்கு மாடு பிடிக்க வாரவன்கூட ‘கப்பைக் குடுத்தது நீங்கதானா’ன்னு எந்திரிச்சு நின்னு கேக்குறான். என் மக ஜெயக்கொடியப் பொண்ணு பாக்க வந்தாங்கள்ல, அவங்க கேட்ட மொதக் கேள்வியே அதான். வையுறான், வஞ்சுட்டுப் போறான். ஆளு யாருன்னு தெரிஞ்சுதான வையுறான்?” விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “நல்ல நேரத்துல கெடுக்கப் பாத்தியே. படிக்கிற பய செய்யிற வேலையா இது?”

“தப்புதாண்ணே,” என்றான் பேச்சிமுத்து. எது தப்பு என்று அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே போனான். மூன்று வருஷம் சுமந்த பாவம் இறங்கிவிட்டது. இறங்கியபின்தான் தெரிந்தது, வாழ்நாளில் அவன் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான் என்று. இப்போது அதற்கும் சாட்சி இல்லை. நாலு சுவர் போஸ்டரும் இருபது பேர் காதும் ஒரு பக்கம். இவன் பக்கம் ஒரு புஸ் மட்டும். நிஜமாகவே நாம்தான் ஊதினோமா?

இடித்த கேலரிக்குப் பக்கத்தில் மதில் மட்டும் மிச்சமிருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு நோட்டைப் பிரித்தான். 1979 பக்கம். காலி வரி. பேனா இடப்பக்கம் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வந்து, ‘கேள்விப்பட்டது’ என்பதன் கீழே, ஒழுங்கான கையெழுத்தில் எழுதியது:

‘சுருளி அண்ணன் விசில் ஊதினார்.’