கைக்குட்டையில் நின்ற மணம்

தன் மகளுக்கு முதல்முறை புற்றுநோய் மருந்து ஏற்றவிருந்த காலையில் அவள் ஒரு கைக்குட்டையை நான்காக மடித்துக் கொடுத்தாள். மருத்துவமனை வாடையை மறைப்பதற்காக அவளே கூட்டிய நறுமணம் அதில் இருந்தது. மேலே ஆரஞ்சுத் தோல், நடுவே சிறிது லவங்க இலை, அடியில் சாம்பிராணியும் குங்கிலியமும். ஆரஞ்சு தனியாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. பிசின்கள்தாம் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. "ஆரஞ்சு விருந்தாளி, பிசின் வீட்டுக்காரர்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வது அவள் வழக்கம். மரப்பிசின்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, செயற்கைச் சரக்கு எதுவும் சேர்க்காமல் வாசனைத் திரவியம் செய்வது அவள் தொழில். அவள் செய்தது துணியைவிட்டு இலேசில் போகாது என்பதுதான் அவள் சம்பாதித்த நற்பெயர். தெருவில் அவளைச் சாம்பிராணியம்மா என்றார்கள். கோபம் வரும் நாள்களில் கணவர் மட்டும் அதற்கு முன்னால் 'மட' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்.

"அம்மா, அங்க எல்லாரும் என்னையே திரும்பித் திரும்பிப் பாக்கப் போறாங்க" என்றாள் மகள். வயது முப்பதை நெருங்கியும் வீட்டில் அவள் பெயர் வாண்டுதான்.

"பாத்தா பாக்கட்டும். மருந்து வாடை வந்துச்சுன்னா இதை மூக்குல வெச்சுக்கோ. நம்ம வீட்டுல இருக்கற மாதிரியே இருக்கும்."

அப்படியே இருந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிய நேரம் முழுவதும் வாண்டு அந்தக் கைக்குட்டையை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து தாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; இந்த நோய் வந்த நாள்முதல் தன் கையால் ஆனது இது ஒன்றுதான் என்று அவளுக்கு ஒரு நிறைவுகூட ஏற்பட்டது. மாலையில் குமட்டல் தொடங்கியபோதும் கைக்குட்டை வாண்டுவின் கையில் இருந்தது. இரவெல்லாம் வாந்தி. அப்போதும் இருந்தது.

வாந்தி அடங்கிய பிறகுதான் மற்றது தொடங்கியது. அவள் வெந்நீர்க் குவளையோடு அறைக்குள் நுழைந்தால் வாண்டு குனிந்து வாளியைத் தேடினாள். வெளியே வந்தால் அடங்கியது. அதே வெந்நீரை அதே குவளையில் கணவர் கொண்டுபோய்க் கொடுத்தார், மகள் குடித்தாள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.

"என் மேல ஊர்ப்பட்ட டீசல் நாத்தம். அதைத் தாங்கிக்கறா, உன் மணத்தைத் தாங்கல. பொண்ணு என்னை மாதிரி, அதான்" என்றார்.

அவள் சிரித்தாள். மறுநாளும் அதுவே நடந்தபோது அவரும் கேலியை நிறுத்திக்கொண்டார்.

மருத்துவமனைத் தாதியிடம் கேட்டாள். உயரமான பெண்மணி, கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினாள்.

"இது நடக்கறதுதாம்மா. மருந்து ஏறும்போது என்ன சாப்பிட்டாங்களோ, என்ன மோந்தாங்களோ, உடம்பு அது மேல பழியைப் போட்டுடும். அதனாலதான் அன்னைக்குப் பிடிச்ச சாப்பாடு எதையும் குடுக்காதீங்கன்னு சொல்லுவோம்."

"சாப்பாட்டைத்தான் சொன்னீங்க."

"கைக்குட்டையில வாசனை போட்டுக் கொண்டு வருவீங்கன்னு எனக்கென்னம்மா தெரியும்?"

"எப்பப் போகும்?"

"சிலருக்கு மருந்து முடிஞ்சதும் போயிடும். சிலருக்கு வருஷக்கணக்கா இருக்கும். இப்போதைக்கு அந்த வாசம் அவங்க பக்கத்துல வராம பாத்துக்கோங்க. வாந்தி எடுத்து எடை குறைஞ்சா அடுத்த மருந்தைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். தள்ளி வைக்கறது நல்லதில்ல."

கைக்குட்டை அன்றே குப்பைக்குப் போனது. ஆனால் கைக்குட்டையில் இருந்த மணம் வீட்டில் இருந்தது. வீட்டில் இருந்த மணம் அவளிடம் இருந்தது. பின்னறையில் இடித்த பிசின், வடித்த பிசின், இடிக்கும் கல்வத்தின் குழியில் ஒட்டிக்கொண்ட பிசின் எல்லாம் இத்தனை ஆண்டுகளாகத் திரைச்சீலையிலும் தலையணையிலும் அவள் தலைமயிரிலும் குடியேறியிருந்தன. வாண்டு குழந்தையாக இருந்தபோது, இருட்டில் யார் தூக்கினாலும் கழுத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் அழுவதா தூங்குவதா என்று முடிவு செய்வாள்.

சாடிகளையெல்லாம் கீழ்த்தளத்துத் தையல்காரரின் கடைக்குப் பின்னால் இறக்கினாள். திரைச்சீலைகளைக் கழற்றினாள். பின்னறையைச் சோப்பும் கொதிநீரும் விட்டுத் தேய்த்தாள். பிசினுக்கும் தண்ணீருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதை அறிந்தவள் அவள். எனவே பிசினைக் கரைக்கும் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். கேனில் மிஞ்சியிருந்த ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து அலமாரித் தட்டுகள், மரத்தரையின் இடுக்குகள், கதவின் கைப்பிடிகள் என்று ஓர் இடம் விடாமல் துடைத்தாள். துணி பழுப்பானது. புதுத் துணி எடுத்தாள், அதுவும் பழுப்பானது. பழுப்பு வருவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உற்சாகம் கூடியது. கணவர் வாசலில் நின்று, "தரையே கரைஞ்சு கீழ தையல்காரர் தலையில விழுந்துடப் போகுது" என்றார்.

மணம் போயிற்றா என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மணத்துக்குள்ளேயே வாழ்பவருக்கு அது எட்டாது. இரண்டு ஊர்ச் சாம்பிராணியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சொல்லும் மூக்கு, சொந்த வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல மறுத்தது. கணவரின் மூக்கும் அதே வீட்டு மூக்கு. எனவே தையல்காரரை மேலே அழைத்தாள்.

அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து வாசலில் நின்று ஒருமுறை ஆழ்ந்து இழுத்தார். முகம் மலர்ந்தது.

"அக்கா, கும்முனு இருக்கு! எப்பவும் கதவுக்கிட்ட வந்தாத்தான் மணக்கும். இன்னிக்கு மாடிப்படியிலயே ஆரம்பிச்சிடுச்சு. என்ன, புதுச் சரக்கா?"

அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பிசினை ஸ்பிரிட்டில் போட்டால் அது கரையும், விரியும், போகாத இடமெல்லாம் போகும். அவளுடைய தொழிலின் முதல் பாடம் அதுதான். இறுகி, மேலாக உறங்கிக்கொண்டிருந்த பழைய பிசினையெல்லாம் அவள் எழுப்பி, கரைத்து, மரத்தின் ரேகைக்குள் இறக்கியிருந்தாள். சாடிகளை வெளியேற்றிவிட்டு வீட்டைச் சாடியாக்கியிருந்தாள்.

"ஆமா, புதுச் சரக்குதான்" என்றாள்.

முன்னறையிலிருந்து வாளி நகரும் சத்தம் கேட்டது.

மறுநாள் அவளுடைய தங்கை வந்தாள். நான்கைந்து தெரு தள்ளி, கீழே பூட்டுக்கடையும் மாடியில் வீடுமாக இருப்பவள்; சாவி அராவி அராவி அவள் பேச்சுக்கும் அரம் போட்டதுபோல் ஒரு கூர் வந்துவிட்டிருந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்க்கா. என் வீட்டுல இரும்பு வாடைதான். யாரும் இரும்பைக் கைக்குட்டையில மடிச்சுக் குடுக்கலையே."

"வெந்நீர் வைக்கக்கூட நீ அடுப்பைத் தேடணும். நீ இவளைப் பாத்துக்கப் போறியாடி?"

"தேடிக் கண்டுபிடிச்சுக்கறேன். பின்னாலேயே நீ வந்துடாதே, அது போதும்."

சொன்ன பிறகு அவளுக்கே அது கூடுதலாகப் பட்டிருக்க வேண்டும். அக்காவின் தோளைத் தொடப் போய், தன் புடவையில் மணம் ஒட்டிக்கொள்ளும் என்ற நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டாள்.

மகளுக்குத் துணி எடுத்து வைக்க அவள் அலமாரியைத் திறந்தாள், திறந்ததும் மூடினாள். உள்ளே எதுவும் கொடுக்கத் தகுந்ததாக இல்லை. வாண்டு கட்டியிருந்த துணியோடு, அதையும் தங்கை கொண்டுவந்திருந்த போர்வையால் மூடி, அப்பாவின் தோளைப் பிடித்துப் படியிறங்கினாள். திருப்பத்தில் நின்று மேலே பார்த்தாள்.

"கோவிச்சுக்காதேம்மா. நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்டி. இறங்கு. படியைப் பாத்து இறங்கு."

அதன் பிறகு அவள் தன்னைத் துப்புரவு செய்யத் தொடங்கினாள். தலைமயிர் மணத்தைப் பிடிக்கும் என்பதால் முடிதிருத்தகத்தில் உட்கார்ந்து காதளவுக்கு வெட்டிக்கொண்டாள். உள்ளங்கையை நுரைக்கல்லால் தேய்த்தாள். பின்னறையைப் பூட்டி, சாவியைத் தையல்காரரிடம் கொடுத்தாள். வந்த ஆர்டர்களுக்கு, வெளியூர் போயிருப்பதாகப் பதில் சொன்னாள். அடுத்த மருந்து ஏறி, அந்தக் கடும் நாள்கள் கழிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனாள். பின்கட்டுக் குளியலறையில் தங்கையின் சோப்பால் குளித்து, தங்கையின் நைட்டியைப் போட்டுக்கொண்டு, மாடியறை வாசலில் நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தலையா ஆயிடுச்சு" என்றாள் தங்கை. வாண்டுவின் தலையில் மயிர் திட்டுத் திட்டாகவே இருந்தது.

வாண்டு எழுந்து சாய்ந்துகொண்டாள். "வாம்மா. ஒண்ணும் தெரியல. வா."

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மகள் வாயால் மூச்சு விடுவதைக் கவனித்தாள், கவனிக்காததுபோல் இருந்தாள். கடைக்கு யாரோ ஒருவர் கொண்டுவந்த, எந்தச் சாவிக்கும் மசியாத பழைய பெட்டியைப் பற்றி வாண்டு சொல்லத் தொடங்கினாள். பாதிக் கதையில் பேச்சு நின்றது. நெற்றி வியர்த்தது. தங்கை வாளியை நீட்டுவதற்குள் அவள், முப்பது ஆண்டுப் பழக்கத்தில், வாந்தியெடுக்கும் பிள்ளையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். வாந்தி இரட்டிப்பானது.

"கையை எடுக்கா!" என்று தங்கை கத்தினாள். "உன் கைதான், எடு!"

அவள் எடுத்தாள். நடைக்கு வந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகளில் மெல்லிய பழுப்பு இருந்தது. நுரைக்கல்லுக்கு எட்டாத ஆழம் அது.

இப்போது அவள் மாலைகளில் தங்கை வீட்டுக்கு எதிர்ச்சாரியில், பழைய டயர்க் கடையின் பூட்டிய கதவருகில் நிற்கிறாள். வாண்டுவை மேல்மாடிச் சன்னலில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். இருவரும் தொலைபேசியில் பேசுகிறார்கள். எடை இன்னும் கூடவில்லை. மருந்து பாதிகூட முடியவில்லை. அவள் கையில் ஒரு காகிதக் கீற்று இருக்கும். மணம் சோதிக்கத் தோய்த்தெடுக்கும் அதே கீற்றுதான். தையல்காரர் வெளியிலிருந்து வாங்கிக் கொடுத்த புதுக்கட்டிலிருந்து உருவியது, எதிலும் தோயாதது. அதை விரல் நுனியில் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்கிறாள்.

"சித்தி இன்னிக்கு வெந்நீரைக் கருக்கிட்டாம்மா."

"வெந்நீரை எப்படிடி கருக்க முடியும்?"

"பாத்திரத்தைக் கருக்கிட்டா. தண்ணி அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு தொலைபேசியில் ஒருமுறையும் தெருவின் குறுக்காக ஒருமுறையும் கேட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். இது எவ்வளவு நாள் நிக்கும்?"

வாசனைத் திரவியம் வாங்க வரும் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி அது. அவளிடம் ஒவ்வொன்றுக்கும் துல்லியமான விடை இருந்தது: தோலில் இவ்வளவு, துணியில் இவ்வளவு, கம்பளியில் இவ்வளவு. தாதியிடம் அவள் கேட்டதும் அதே கேள்விதான்.

"போயிடும்" என்றாள்.

"உன்னுது எதுவுமே சீக்கிரம் போகாதுன்னு நீதானே பெருமையா சொல்லுவே?"

"வியாபாரத்துக்குச் சொல்றதுடி அது."

அந்த நேரத்தில் கீற்று அசைந்தது. இவ்வளவு நேரம் தன்னை நோக்கி வளைந்திருந்த அது நிமிர்ந்து, தயங்கி, எதிர்ப்பக்கம், சன்னலை நோக்கி, மெல்லச் சாய்ந்தது. இவ்வளவு தொலைவில் ஒன்றும் போய்ச் சேராது என்று கணவர் சொல்லியிருந்தார். இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் துணிவு அவளுக்கு இல்லை. மேலே வாண்டுவின் கையும் சன்னல் கதவுக்கு உயர்ந்துவிட்டிருந்தது.

"நீ மூட வேணாம். உனக்குக் காத்து வேணும். நானே தள்ளிப் போறேன்" என்றாள்.

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் பின்னோக்கி நடந்தாள். டயர்க் கடையைக் கடந்தாள், தெருவிளக்கைக் கடந்தாள். கீற்று அதே பக்கம் சாய்ந்திருந்தது. தெருமுனை திரும்பியதும் சன்னல் மறைந்தது.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன். அந்தப் பெட்டி என்னாச்சுன்னு சொல்லு. அன்னைக்குப் பாதியில விட்டுட்டே."