ஆரஞ்சு விளக்கு

வாடகைக் கார் ஓட்டுபவனுக்கும் அவன் மனைவிக்கும் காலையிலேயே சண்டை. அவள் ஆசை ஆசையாக அடுப்படிச் சுவருக்கு ஆரஞ்சு பூசியிருந்தாள். இவன் காபியை உறிஞ்சிக்கொண்டே, "இங்க யாரு வாந்தி எடுத்தது?" என்று கேட்டுவிட்டான்.

"சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக வராதீங்க. வேற வண்டி பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

வராமல் இருக்க முடியுமா? சாயங்காலம் அவள் அலுவலக வாசலில், ஒரே மாதிரி வெள்ளைக் கார்களுக்கு நடுவில் இவன் காரும் நின்றது. ஆப்பில் வண்டி பிடிக்கும் பயணியின் போனில் தெரியும் நிறத்திலேயே காரின் முன்கண்ணாடியிலும் விளக்கு எரியும். அதை வைத்துத்தான் அவரவர் வண்டியைக் கண்டுபிடிப்பார்கள். இவன் யாரும் கேட்காமலே ஆரஞ்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்களுக்கு அந்த ஸ்விட்ச் பெரிய உபகாரம்.

முதலில் ஒரு பெரியவர் ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்டார். "எனக்கும் ஆரஞ்சுதான் தம்பி, கிளம்புங்க."

"இது என் பொண்டாட்டிக்குப் போட்டது சார்."

"சண்டையா?" பெரியவர் பெல்ட்டைக் கழற்றினார். "அப்ப ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைங்க."

அவர் இறங்கிய கதவருகே அவள் நின்றிருந்தாள்.

"டிரைவர் சார், விளக்கு என்ன வாந்தி கலர்ல எரியுது?"

"அழகாத்தான் இருக்கு. காலையில எனக்குக் கண்ணு சரியா முழிக்கல."

அவள் முன்சீட்டில் ஏறினாள். வீடு வரும்வரை விளக்கை அணைக்க அவனுக்கு மனம் வரவில்லை. வழியில் கை காட்டியவர்களுக்கெல்லாம் அவளே கண்ணாடியை இறக்கி, "ஆள் ஏறியாச்சுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.