வெள்ளிக்கிழமை லாரிக் கணவாய்

வடமாலபேட்டையைத் தாண்டி ரோட்டோரம் இருந்த மீன் கம்பெனியில் கன்னிகாவுக்குக் கண்ணாடி மேசையில் வேலை. மேசைக்கு அடியில் ட்யூப்லைட் எரியும். குடலெடுத்துக் கழுவிய கணவாயை மேலே விரித்தால் சதைக்குள் இருக்கும் புழு சுருண்ட கோடாகத் தெரியும். இடுக்கியால் உருவி பிளாஸ்டிக் கப்பில் போட வேண்டும். நகரிப் பெண்கள் அதை நூல் என்றார்கள்.

ஆழ்கடல் கணவாயின் குடலில் நூல் இருப்பது சாதாரணம். என்றைக்காவது ஒரு திமிங்கிலம் விழுங்கும்வரை அது அங்கேயே சுருண்டு காத்திருக்கும். கணவாய் செத்துக் குடலோடு கிடந்தால் மட்டும் சதைக்குள் ஊர்ந்துவிடும். அதனால்தான் லாரி வந்த அன்றே குடலை எடுத்துவிட வேண்டும் என்று கம்பெனியில் கண்டிப்பு.

புரட்டாசி இரண்டாம் வெள்ளி, சென்னை லாரி சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தது. நகரி போகும் கம்பெனி பஸ் ஐந்தரைக்கு. குடலெடுக்கும் பெண்களுக்கு லீடர் கன்னிகாவின் அம்மா கமலம்மா. அவள் பெட்டிகளைப் பார்த்தாள்.

"நாளைக்கு சனிக்கிழம. இத்த நாம தொடவே கூடாது. இப்ப உக்காந்தா விடிஞ்சிடும், அப்புறம் எங்கருந்து பெருமாளுக்குத் தளிகை போடறது? ஐஸ் கொட்டி மூடுங்க. திங்கக்கிழம மேனேஜர் சார் வர்றதுக்குள்ள எடுத்துடலாம்."

"தாமோதரன் சார் கேட்டா இன்னாக்கா சொல்றது?" என்றாள் ரோஹிணி.

"அன்னிக்கே எடுத்துட்டோம்னு சொல்லு. அவுரு நெல்லூர் தெலுங்குக்காரரு. நம்ம சனிக்கிழம அவுருக்கு இன்னா தெரியும்?"

திங்கட்கிழமை முதல் கணவாயை விரித்ததும் கன்னிகாவின் கை நின்றது. மூன்று நூல். அடுத்ததில் ஐந்து. எல்லாம் தடித்த சதைக்குள்.

கப் நிறைந்தால் தாமோதரன் சார் காரணம் கேட்பார். போன வருஷம் பழைய லீடரை இதற்காகத்தான் வேலையைவிட்டு அனுப்பினார். பூட்ஸைக் கழற்றிச் செருப்பு மாட்டக்கூட விடவில்லை. கன்னிகா வழக்கமாகக் கிடைக்கும் அளவுக்குக் கப்பில் போட்டாள். மீதியைக் கையுறைக்குள் திணித்தாள். ஐஸில் மரத்துப்போன மணிக்கட்டில் அவை நெளிகின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. நிறைந்ததும் கையுறையைக் கொட்டாமல் கழற்றி, வாயை முடிச்சிட்டுக் குப்பையில் போட்டாள். மத்தியானத்துக்குள் இரண்டு கையுறை. எவ்வளவு கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

தாமோதரன் கப்பைத் தூக்கிப் பார்த்தார். "பாகுந்தி, கன்னிகா. லோடு சுத்தமா இருக்கு."

சாப்பிடும்போது அம்மா கிசுகிசுத்தாள். "இருந்துச்சாடி?"

"இல்லம்மா."

"கோவிந்தா!" அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். "பாத்தியா ரோஹிணி? பெருமாள் கைவுடல."

"அப்ப அவுரையே லீடராப் போட்டுடலாம்க்கா. நாம ஊட்ல தூங்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னிகா சோற்றை மென்றாள். புளியா உப்பா என்று நாக்குக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளியும் லாரி தாமதமாகத்தான் வந்தது. பெட்டிகள் போன முறையைப் போல இரண்டு மடங்கு. "ஐஸ் போடுங்க" என்று அம்மா சொன்னபோது இந்த முறை குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

பஸ்ஸில் டிரைவர் இன்னும் ஏறவில்லை. அம்மா சாப்பாட்டுப் பையைக் கன்னிகாவின் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா. போன வாரம் இருந்துச்சு."

"இன்னா இருந்துச்சு?"

"நூலு. சதைல. ரெண்டு கிளவுஸ் நெறைய."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "சாருக்குக் காட்டுனியா?"

"இல்ல."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல? பெருமாள் காப்பாத்தினாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேனே!"

அம்மா எழுந்து இறங்கிப் போனாள்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. ஆபீஸ் வாசலுக்குத் தாமோதரன் வந்தார். அம்மா கையை ஆட்டாமல் நேராக நின்று பேசினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கேட்டைக் காட்டினார். அம்மா கேட் பக்கம் திரும்பவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டிகள் இருந்த கொட்டகைக்குள் போனாள். அவர் ஏதோ கத்திக்கொண்டே பின்னால் போனார்.

டிரைவர் ஏறினார்.

"கன்னிகா, அம்மா வரலியா?" பின்சீட்டிலிருந்து ரோஹிணி கேட்டாள்.

"பெட்டிய முடிச்சிட்டு வரும்."

"அத்தினியும் ஒண்டியாவா? நீ எறங்கலியா?"

இறங்கத்தான் வேண்டும். கன்னிகா தன் கால்களைப் பார்த்தாள். அவை சீட்டுக்கு அடியில் அப்படியே இருந்தன. பஸ் பின்னால் வந்து, திரும்பி, புத்தூர் ரோட்டில் ஏறியது. மடியில் பை லேசாக இருந்தது. ராத்திரிக்கு அம்மா இன்னா துன்னும் என்று நினைத்தாள். நினைத்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.