தனபாலனின் வலது கால்

1973, மாம்பழ சீசன். தி.நகர் வீட்டில் இரண்டு நாளாக ஒரு நாற்றம். எலி செத்திருக்கும் என்று பங்கஜம் கட்டிலையும் அரிசி டிரம்மையும் நகர்த்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை காப்பி கொடுக்கப் பக்கத்தில் போனபோதுதான், அது கணவர் தனபாலனின் காலிலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

தனபாலனுக்கு ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. பங்கஜம்தான் தினமும் ஊசியைக் கொதிக்கவைத்து இன்சுலின் போடுவாள். சோற்றை அளந்து வைப்பாள். பத்து நாளைக்கு முன்னால், ஓர் அண்டாவின் விளிம்பு வலது கால் பெருவிரலடியில் கிழித்துவிட்டதென்று துணி சுற்றிக்கொண்டு வந்தார். கட்டைத் தொட அவளை விடவே இல்லை.

"காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லட்டி. வலியே கிடையாது. ஆறிட்டு வருது."

அவள் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து துணியைப் பிரித்தாள். உள்ளே சோற்றுப் பருக்கை மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. பருக்கை நெளிந்தது. அதற்கடியில் இன்னும் இருந்தன, நிறைய.

"என்னட்டி, பேச்சையே காணோம்?"

"புழு வச்சிருக்குங்க."

அவர் சிரித்தார். "புழு தின்னா மனுசனுக்குத் தெரியாமப் போவுமா?"

பிறகு குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே பங்கஜம் கூட்டிப்போன டாக்டர் புண்ணில் டர்பன்டைன் எண்ணெய் ஊற்றினார். புழுக்கள் வெளியே வர வர இடுக்கியால் எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டார். தனபாலன் முகம் சுளிக்கவில்லை.

"புண்ணுல ஈ முட்டை வச்சிருக்கும்மா. சர்க்கரையில காலு மரத்துப்போச்சு. வலி இருந்திருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பார்."

"நான் பக்கத்துலதான டாக்டர் படுத்திருந்தேன்," என்றாள் பங்கஜம்.

புழு போனது. புண் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் விரல்கள் கறுத்தன. ஏழாம் நாள் கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. அவள் பென்சிலின் வாங்கி வந்தாள், மாங்காடு அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள், ராப்பகலாக விசிறினாள். கறுப்பு ஏறிக்கொண்டேதான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் தனபாலன் கடையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.

தினமும் காலையில் பங்கஜம் அவருடைய இடது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக அழுத்துவாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இது?"

"தெரியுதுங்கேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்வார். ஒருநாள் அவள் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

"இது தெரியுதா?"

"தெரியுதுட்டி," என்றார் தனபாலன்.

 அவள் பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கில் பவுடர் போட்டு, போர்வையால் மூடிவிட்டு, ஊசி கொதிக்கவைக்க எழுந்து போனாள்.