கால் படாத மண்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இராஜம்மா தன் வாயால் கெட்டது ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் மாடி வீட்டில், பதினைந்து பேர் நடுவில். கோலாலம்பூரை மூழ்கடித்த பெரிய வெள்ளம் வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு அவள் மகள் தனலெட்சுமிக்குப் பூ வைக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. தங்கமான பையன், ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் அம்மா சீதாலெட்சுமி கிள்ளானிலிருந்து ஒரு பிரம்புக்கூடை நிறைய மல்லிகைச் சரம் கொண்டுவந்திருந்தாள். எல்லாம் சொந்தத் தோட்டத்துப் பூ. அதை வந்ததிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டாள்.

பெண் தலையில் பூவை வைத்துவிட்டு, வெற்றிலை மெல்ல வராந்தாவுக்கு வந்த சீதாலெட்சுமியின் கண்ணில், கைப்பிடிச் சுவரோரம் பலகைமேல் வரிசையாக நின்ற ஆறு மண்ணெண்ணெய் டின்கள் பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு மல்லிகைச் செடி, காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி துவண்டு நின்றது.

“டின்னுல எங்க பூக்கப்போவுது சம்பந்தி? கவலைய விடுங்க. கல்யாணத்துக்கும் நானே கொண்டாந்துடுறேன்லா.”

நல்ல மனசோடு சொன்னாளா, குத்திக்காட்டினாளா, அது அவளுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். ஆனால் கூட வந்த கிள்ளான் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். இராஜம்மாவுக்கு அந்தச் சிரிப்பு போதும்.

“வேணாம் சம்பந்தி. கல்யாணத்தன்னிக்கு எம்மவ தலையில எங்க வீட்டுப் பூதான் இருக்கும்.”

“அப்படியா? பார்ப்போம்லா,” என்று சீதாலெட்சுமி வெற்றிலையை மடித்தாள்.

கல்யாணம் தை மாதம். கையில் மூன்று மாதம்கூட முழுசாக இல்லை.

ஒரு முழம் பூதானே, பாசாரில் வாங்கினால் போயிற்று என்று நினைக்கலாம். இராஜம்மாவால் அப்படி நினைக்க முடியவில்லை. சொன்ன சொல் தவறினால் பேச்சு அவளோடு நிற்காது, தனத்தின் பின்னாலேயே கிள்ளானுக்குப் போகும். ‘ஒரு முழம் பூவுக்கு வக்கில்லாத வீடு’ என்று குழம்பில் உப்புக் குறைந்தாலும் சொல்வார்கள். தனமோ பதில் பேசத் தெரியாத பெண், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சிரிக்கும்.

கோளாறு மண்ணில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. குடியிருப்புக்குப் பின்னால் தோண்டிய மண் அது. பிரிக்பீல்ட்ஸ் மண்ணை நம்பிச் செங்கல் சூளை வைத்தவர்கள் பிழைத்தார்கள், செடி வைத்தவள் எப்படிப் பிழைப்பாள்? மழை பெய்தால் டின்னில் குளம் கட்டி நின்றது. ஒருநாள் வெயில் அடித்தால் இறுகிப்போனது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் கன்னையா, ஸ்பானரால் அதைத் தட்டிப் பார்த்தான்.

“இன்னும் ரெண்டு நாள் விடு இராஜம், வீடே கட்டிப்புடலாம்.”

அவள் அந்த மண்ணைக் கொட்டிவிட்டு, மாடு வளர்க்கும் நாகையாவின் கொட்டகைக்குப் போய் இரண்டு கூடை பச்சைச் சாணம் வாங்கி வந்தாள். கிள்ளான் செடிகளுக்கு ஆளுக்கொரு கூடை சாணம் என்று சம்பந்தியே பெருமை அடித்தாளே! சாணத்தில் வாசல் தெளிக்கிறோம், பிள்ளையார் பிடிக்கிறோம், அது கெடுதல் செய்யுமா என்று டின்களில் கழுத்துவரை அடைத்தாள்.

தரையில் இருக்கும் செடிக்குப் பச்சைச் சாணத்தின் சூடு தாங்காவிட்டால் வேர் நாலு பக்கமும் ஓடித் தப்பித்துக்கொள்ளும். டின்னுக்குள் எங்கே ஓடும்? நான்கே நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. உள்ளே விரலை விட்டால் சுட்டது, புழு நெளிந்தது. கீழ்வீட்டு மகதலேனா படியேறி வந்துவிட்டாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க மாட்டுக்கொட்டா எங்க சோத்துப் பானையில ஒழுகுது.”

இரண்டு செடி செத்தது. இராஜம்மா உட்கார்ந்து அழுதாள். அழுகிற மனைவியைப் பார்க்கச் சகிக்காமல், கன்னையா மறுநாள் இஞ்சின் அடுப்பிலிருந்து அள்ளிய நிலக்கரிக் கட்டிச் சாம்பலை ஒரு சாக்கு கொண்டுவந்து, சாணத்தை எடுத்துவிட்டு டின்களில் போட்டான். டின் அடியில் ஆணியால் ஓட்டையும் குத்தினான். இப்போது ஊற்றிய தண்ணீர் நிற்காமல் மகதலேனாவின் துணிக்கொடிமேல் இறங்கியது. செடி சாகவில்லை, ஆனால் தின்ன ஒன்றுமில்லாமல் விழித்தது.

கார்த்திகை பிறந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன இராஜம்மா, பிராகாரம் சுற்றும்போது மூங்கில் வேலிக்குள் ஒரு குவியலைப் பார்த்தாள். சாமிக்குச் சாத்திக் கழித்த மாலைகள். அவற்றில் யார் காலும் படக்கூடாது, ஆற்றில்தான் விடவேண்டும் என்பது வழக்கம். ஆற்றுவரை யார் நடப்பது என்று, கோயில் கூட்டும் தம்புசாமி வேலி கட்டி உள்ளே கொட்டிவைத்திருந்தான். மேலே நேற்றைய மாலைகள். அடியிலோ பல வருஷத்து மாலை மக்கி, காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, உதிரியாகக் கிடந்தது. அதில் தானாக முளைத்த ஒரு துளசி, இடுப்பு உயரம் செழித்து நின்றது.

“அண்ணே, அந்த அடிமண்ணுல ரெண்டு கூடை தாங்கண்ணே.”

“என்ன தங்கச்சி வெளையாடுறியா? சாமி போட்ட மாலைலா. கொண்டுபோயி தோட்டத்துல போடுவ, நாலு பேரு மிதிப்பான். பாவம் எந்தலையில.”

“எனக்கு ஏதுண்ணே தோட்டம்? மாடியில, பலகை மேல, டின்னுல வச்சிருக்கேன். இடுப்பு உசரம். எவன் காலு அங்க எட்டும்?”

தம்புசாமி தலையைச் சொறிந்தான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

“காலு படாதுன்னு சத்தியம் பண்ணு.”

“அம்மன் மேல ஆணை.”

அன்று இராஜம்மா நிதானமாக வேலை செய்தாள். டின் அடியில் இரண்டு அங்குலம் நிலக்கரிக் கட்டிச் சாம்பல். அதன்மேல், நாகையா கொட்டகையின் மூலையில் ஒரு வருஷமாகக் காய்ந்து பொடிந்துகிடந்த பழைய சாணம் ஒரு பங்கும், கோயில் மண் இரண்டு பங்கும் சலித்துக் கலந்தது. நாரைப் பொறுக்கி எறிந்தாள். நான்கு செடிகளையும் ஈவிரக்கமில்லாமல் கிளை வெட்டிக் கவாத்து செய்து நட்டாள். தண்ணீர் ஊற்றினாள். மண் வேண்டியதைக் குடித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டது. கீழே மகதலேனா ஒரு சட்டியை வைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் துளிர். தனம் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள், விரலை மண்ணில் விட்டுப் பார்த்து அளவாக ஊற்றினாள். அவள் கைக்கு அந்தச் செடிகள் சொன்னபடி கேட்டன. மார்கழி மழை கொட்டித் தீர்த்தது, வேர் அழுகவில்லை. கடைசி வாரத்தில் கிளைக்குக் கிளை அரிசி அரிசியாக மொட்டு. திருஷ்டி பட்டுவிடும் என்று பயந்து இராஜம்மா மொட்டுகளை எண்ணாமலே இருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பறித்துத் தொடுத்தாள். ஒன்றே கால் முழம். கன்னையா அதை இரண்டு தடவை தன் முழங்கையில் அளந்து பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான்.

சீதாலெட்சுமி இந்த முறை இரண்டு கூடைப் பூவோடு வந்தாள். மணப்பெண்ணின் பின்னலில் ஏற்கெனவே பூ இருந்தது. குனிந்து முகர்ந்தாள்.

“பாசார்ல வாங்குனதா?”

இராஜம்மா அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். நான்கு டின்னிலும் மறுநாள் மொட்டு தயாராக நின்றது. சீதாலெட்சுமி மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தாள், மோந்து பார்த்தாள். தோட்டக்காரி அல்லவா, மண்ணைப் பார்த்ததும் வீம்பெல்லாம் போய்விட்டது.

“என்ன ஒரம் சம்பந்தி இது? எந்தோட்டத்துக்கு ரெண்டு சாக்கு கெடைக்குமா?”

இராஜம்மா உள்ளதைச் சொன்னாள். “ஒங்க தோட்டத்துல ஆளு நடமாட்டம் இருக்குமே. காலு பட்டா ஆவாது. டின்னுன்னா சரி.”

“அப்ப ஒரு டின்னு குடுங்க,” என்றாள் சீதாலெட்சுமி. கேட்கும்போது குரல் நன்றாகவே இறங்கியிருந்தது.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மத்தியானம் கிள்ளான் ரயிலுக்குப் பெண்ணை ஏற்றினார்கள். பெட்டியில் ஒரே நெரிசல். டின்னை எங்கே வைப்பது? கீழே வைத்தால் கால் படும். மேல்தட்டில் வைத்தால் தண்ணீர் சொட்டும். சீதாலெட்சுமி இருபக்கமும் பார்த்துவிட்டு, பட்டுப்புடவை மடியில் டின்னைத் தூக்கி வைத்துக் கட்டிக்கொண்டாள். ஒரு கிளை அவள் மூக்கில் உரசியது. கிள்ளான்வரை அப்படித்தான் போகவேண்டும்.

பிளாட்பாரத்தில் நின்ற இராஜம்மாவுக்கு ஒரு கண்ணில் சிரிப்பும் மறு கண்ணில் அழுகையுமாக வந்தது. இருபது வருஷம் வளர்த்த பெண் போகிறாள். விசில் ஊதியது. சீதாலெட்சுமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“சம்பந்தி! தண்ணி எத்தனை வேளை ஊத்தணும்?”

சொல்ல எத்தனையோ வாய்க்கு வந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக இராஜம்மா வாயை அடக்கினாள்.

“எனக்கென்ன தெரியும்? வளத்தவ அவதான். ஒங்க மருமவளையே கேளுங்க.”

ரயில் நகர்ந்தது. மாமியார் மருமகள் பக்கம் திரும்பி ஏதோ கேட்பதும், தனம் டின் மண்ணில் ஒரு விரலை விட்டுக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பிப்பதும், ஜன்னல் மறையும்வரை தெரிந்தது.